இரண்டு முக்கோணங்கள் சந்தித்தால்

2007 மார்ச் மாதம் வட அமெரிக்காவில் வீட்டு நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறக்கத் தொடங்கின. அவை தின்ற உணவில் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதம் இருந்தது. அதில் பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலக்கப்பட்டிருந்தது. மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். புரதத்தின் அளவை நைட்ரஜனை வைத்தே கணக்கிடுவது வழக்கம் என்பதால், கலப்படக்காரர்களுக்கு அது கைகொடுத்தது.

ஆனால் மெலமைன் தனியாகக் கொடிய நஞ்சு அல்ல. கூடவே இருந்த, அதையொத்த வடிவமுள்ள சயனூரிக் அமிலம் என்ற வேதிப்பொருளும் அப்படித்தான். இரண்டையும் தனித்தனியே நீரில் கரைத்தால் தெளிந்த கரைசல்கள் கிடைக்கும். ஒன்றின் மேல் ஒன்றை ஊற்றியதும் வெள்ளையாக வீழ்படிவு இறங்கும். வயிற்று அமிலத்தில் பிரிந்து ரத்தத்தில் கலந்த அவ்விரண்டும், நீர் வற்றிச் செறிவு கூடும் சிறுநீரக நுண்குழாய்களில் மறுபடி சந்தித்துப் படிகமாகி வழியை அடைத்தன.

காரணம் வடிவத்தில் இருக்கிறது. நைட்ரஜனோடு இணைந்த ஹைட்ரஜன் சற்றே நேர்மின் தன்மை பெறும். அருகிலுள்ள இன்னொரு நைட்ரஜனோ ஆக்சிஜனோ அதை ஈர்க்கும். இதுவே ஹைட்ரஜன் பிணைப்பு. ஒவ்வொன்றாகப் பார்த்தால் வலுவற்றது; ஆனால் திசை பார்த்துப் பிடிக்கும். இரு மூலக்கூறுகளும் தட்டையான முக்கோணங்கள். ஹைட்ரஜனை நீட்டும் இடத்தைக் 'கொடு' என்றும், அதை ஈர்க்கும் இடத்தை 'வாங்கு' என்றும் வைத்துக்கொண்டால், மெலமைனின் ஒவ்வொரு பக்கமும் 'கொடு, வாங்கு, கொடு' என்று அமைந்திருக்கிறது. சயனூரிக் அமிலத்தின் பக்கமோ 'வாங்கு, கொடு, வாங்கு'. பக்கத்துக்கு மூன்று, மூலக்கூறுக்கு ஒன்பது பிணைப்புகள். யாரும் கோக்காமலே தேன்கூடு போன்ற தகடு விரிகிறது. தகடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன. பற்றிக்கொள்ள நீருக்கு இடமே மிஞ்சுவதில்லை.

அடுத்த ஆண்டே சீனாவில் மெலமைன் கலந்த பால் மாவு ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகளைப் பாதித்தது. 6 குழந்தைகள் இறந்தனர். அங்கே மெலமைனுக்கு இணையாக வாய்த்தது குழந்தைகளின் சிறுநீரிலேயே உள்ள யூரிக் அமிலம். இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

இதே பொருத்தத்தை ஹார்வர்டில் வேதியியலாளர் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் ஆக்கத்துக்குப் பயன்படுத்தினர். மெலமைனில் இரண்டு பென்சீன் வளையங்களைப் பொருத்தி, சயனூரிக் அமிலத்தை ஒத்த, ஆனால் இரு பக்கங்களில் மட்டுமே பிணையக்கூடிய பார்பிட்யூரிக் அமில வகையோடு சேர்த்தார்கள். தகடு விரிய வழியில்லை. நாடாதான் உருவாக முடியும். வளையங்களின் நுனியில் சிறிய அணுத்தொகுதி இருந்தபோது நேரான நாடா வந்தது. அதைச் சற்றுப் பெரிதாக்கியதும் பக்கத்து வளையங்கள் ஒன்றையொன்று இடிக்க, நாடா நெளிந்தது. இன்னும் பருத்த தொகுதியை வைத்தபோது நாடாவே இல்லை: ஆறு மூலக்கூறுகள் வட்டமாகக் கைகோத்து, 18 பிணைப்புகளுடன் பூப்போல மூடிக்கொண்டன. மூன்று அமைப்புகளிலும் மூலக்கூறுக்கு ஆறு பிணைப்புகளே. மாறியது விளிம்பின் பருமன் மட்டும்.