ஃபயர்வாலில் துளை போடுவதற்கு முன்

பானெட்டைத் திறந்ததுமே பிளாஸ்டிக் கருகிய வாடை அடித்தது. "லைட் பார் விட்டு விட்டு எரியுது அண்ணே, ஃபியூஸ் ரெண்டு தடவை போச்சு" என்று சொல்லித்தான் அந்தத் தம்பி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டாவது தடவை போனபோது, 15 ஆம்ப் இருந்த இடத்தில் 30 ஆம்ப் ஃபியூஸைச் செருகிவிட்டு, மலைப்பாதையில் இன்னொரு பயணமும் போய் வந்திருக்கிறார்.

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபயர்வாலில் ஒரு துளை, அதன் வழியாக லைட் பார் என்கிற அந்தக் கூடுதல் விளக்குக்கான ஒரு சிவப்பு ஒயர். துளையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையமான கிரோமெட் இல்லை, ஒயருக்கு மேலே உறையாகப் போடும் ஸ்லீவும் இல்லை. ஒயரை விரலால் கொஞ்சம் இழுத்தேன். தகரத்தின் விளிம்பு பட்ட இடத்தில் இன்சுலேஷன் சீவி எடுத்த மாதிரி திறந்து, உள்ளே செம்பு கறுத்துக் கிடந்தது. அதை ஒட்டி இருந்த சத்தம் தடுக்கும் பஞ்சு, ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பேறி இருந்தது. அது பற்றியிருந்தால் தீ ஓட்டுநரின் முழங்காலுக்கு நேராகத்தான் வந்திருக்கும்.

இன்ஜின் அறைக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் நிற்கும் தகரச் சுவரைத்தான் ஃபயர்வால் என்கிறோம். இன்ஜின் பக்கம் தீப்பிடித்தால், உள்ளே இருப்பவர்கள் இறங்கி விலகக் கொஞ்சம் நேரம் வாங்கித் தருவது அதுதான். புகை, எரிபொருள் ஆவி, தண்ணீர், சத்தம் எல்லாவற்றையும் அந்தப் பக்கமே நிறுத்துவதும் அதன் வேலை. பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் அதன் கனம் இருக்கும். அதில் டிரில் போட்டால், வெட்டித் திறந்த தகர டப்பாவின் விளிம்பு மாதிரி ஒரு விளிம்பு உருவாகும்.

தார் ரோட்டில் மட்டும் ஓடுகிற வண்டியில் இந்தத் தவறு தெரியவர வருடங்கள் ஆகலாம். கல்லிலும் குழியிலும் இறங்கி ஏறும் வண்டியில் அப்படி இல்லை. சேஸிஸ் முறுக்கிக்கொள்கிறது, பாடி தன் ரப்பர் மவுண்டுகள் மேல் ஆடுகிறது, இன்ஜின் தனியாகக் குலுங்குகிறது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒயர் ஒரு மயிரிழை முன்னும் பின்னும் நகர்கிறது. ரம்பம் மரத்தை அறுப்பதும் இப்படித்தான்.

"12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் அதே பேட்டரிதான் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொடுக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் பாடியோடு இணைந்திருப்பதால், பாசிட்டிவ் ஒயர் பாடியில் நேராக உரசினால் அந்த மின்னோட்டம் முழுவதும் அதே மெல்லிய ஒயர் வழியாகப் பாயும். ஒயரே ஹீட்டர் சுருளாக மாறிவிடும். சாவியை அணைத்தாலும் நிற்காது, ஏனென்றால் அந்த ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது.

இதைத் தடுப்பது ஃபியூஸ் மட்டும்தான். ஃபியூஸ் லைட்டைக் காப்பாற்ற வைப்பதல்ல, ஒயரைக் காப்பாற்ற வைப்பது. அதனால் பேட்டரி டெர்மினலிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். சுவிட்சுக்குப் பக்கத்தில், உள்ளே வைத்தால் வசதி என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி வைத்தால் பேட்டரியிலிருந்து ஃபயர்வாலைத் தாண்டும் வரை ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை. அந்தத் தம்பியின் வண்டியில் ஃபியூஸ் சரியான இடத்தில்தான் இருந்தது. ஒயர் உரசுகிறது என்று அது இரண்டு தடவை எச்சரித்தது. ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர். 30 ஆம்ப் செருகியதும், ஃபியூஸ் போகும் முன்னாலேயே ஒயர் வெந்துவிட்டது. ஃபியூஸ் போனால் ஏன் போனது என்று தேடுங்கள். அளவைக் கூட்டாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லைட்டுக்கான முழு மின்னோட்டத்தையும் உள்ளே கொண்டுவந்து, சுவிட்ச் வழியாகத் திரும்ப வெளியே அனுப்பத் தேவையே இல்லை. 120 வாட் லைட் பார் என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்ப். சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலேயை இன்ஜின் அறையிலேயே, சூடும் தண்ணீரும் படாத மேட்டில் வைத்துவிட்டால், ஃபயர்வாலைத் தாண்டுவது ரிலேயை இயக்கும் காயிலுக்கான (சுருளுக்கான) மெல்லிய ஒயர் மட்டும்தான். காயில் இழுப்பது பொதுவாக கால் ஆம்பியருக்கும் குறைவு. அதற்கும் 2 அல்லது 3 ஆம்பில் தனி ஃபியூஸ் போட்டுவிட்டால், அந்தத் துளையில் உரசினால்கூடத் தீ அளவுக்குப் போகாது. நான் பார்த்தவரை, இந்த வேலையில் அதிகப் பலன் தருகிற மாற்றம் இதுதான்.

சரி, ஒயர் எந்த வழியாகப் போக வேண்டும்? முதலில் புதுத் துளை வேண்டுமா என்று பாருங்கள். பல மாடல்களில் ஒரே பாடியை இடதுபக்க ஸ்டீயரிங்குக்கும் வலதுபக்க ஸ்டீயரிங்குக்கும் சேர்த்தே செய்கிறார்கள். பயன்படாத பக்கத்துத் துளைகளை ரப்பர் மூடி போட்டு அடைத்திருப்பார்கள். தரைவிரிப்பை விலக்கி, உள்பக்கமிருந்து தடவிப் பார்த்தால் அகப்படும். அந்த மூடிக்குப் பதில் சரியான அளவில் கிரோமெட் போட்டால் வேலை முடிந்தது.

கம்பெனி ஹார்னெஸ், அதாவது வண்டியோடு வந்த ஒயர்க் கட்டு, வருகிற பெரிய கிரோமெட்டிலும் சிலவற்றில் இடம் இருக்கும். அங்கே கத்தியால் கீறாதீர்கள். கத்தி முனை எந்த ஒயரில் பட்டது என்று அன்றைக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து டேஷ்போர்டில் ஏபிஎஸ் பிரேக்குக்கான எச்சரிக்கை விளக்கு எரியும்போதுதான் தெரியும். முனை மழுங்கிய கம்பியில் சோப்புத் தண்ணீர் தடவி, ஹார்னெஸை விட்டுத் தள்ளி மெதுவாகக் குத்துங்கள். இன்ஜின் ஆயிலோ கிரீஸோ வேண்டாம், அந்த ரப்பர் ஊதிப்போகும். ஸ்டீயரிங் ஷாஃப்ட் வருகிற ரப்பர் பூட்டையும் பெடல் இருக்கும் பகுதியையும் தொடாதீர்கள்.

புதுத் துளைதான் வேண்டும் என்றால், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் வெறும் தகரமாகத் தெரியும். மறுபக்கம் அதே இடத்தில் ஹீட்டர் பெட்டியோ, பிரேக் குழாயோ, மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயரோ இருக்கலாம். ஹைபிரிட் வண்டியில் ஆரஞ்சு நிறக் கேபிள் தெரிந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 3 மில்லிமீட்டர் பிட்டில் ஒரு சின்னத் துளை போட்டு, ஸ்டெப் டிரில்லால் பெரிதாக்குங்கள். பிசிறை அரத்தால் எடுத்து, இரும்புத் தூளைத் துடைத்து, விளிம்புக்கு பிரைமரும் பெயின்ட்டும் அடித்துக் காய விடுங்கள். பெயின்ட் இல்லாத விளிம்பில் துருவேறும், துரு கிரோமெட்டைத் தின்னும். இரண்டு பக்கமும் உதடு உள்ள கிரோமெட்டைத் தகரத்தின் கனத்துக்குப் பொருத்தமாக வாங்க வேண்டும், தளர்ந்தது ஒரு பயணத்திலேயே கழன்றுவிடும். ஆற்றில் இறங்குகிற வண்டி என்றால் ஒயரைச் சுற்றி இறுக்கி அடைக்கும் நைலான் கேபிள் கிளாண்ட் இன்னும் நல்லது. பெரிய ஆம்ப்ளிஃபையர், உள்ளே இரண்டாவது பேட்டரி மாதிரி தடித்த கேபிள் வேண்டிய இடத்தில், சுவரிலேயே பொருத்தி, இரண்டு பக்கமும் கேபிளை முடுக்குகிற இன்சுலேட்டட் ஸ்டட் டெர்மினல் போட்டுவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். ஒயர் மேலிருந்து இறங்கித் துளைக்குள் போனால், அதன் மேல் வழியும் தண்ணீர் ஒயரைப் பிடித்தே உள்ளே வரும். துளைக்கு முன்னால் ஒயரைத் துளையின் மட்டத்துக்கும் கீழே இறக்கி, வளைத்து மேலே ஏற்றுங்கள். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். ஓரத்தை அடைக்க சிலிகான் பூசினால், வினிகர் வாடை வராத வகையைத் தேர்ந்தெடுங்கள். அந்த வாடை அசிட்டிக் அமிலம். அது செம்பையும் இரும்பையும் அரிக்கும்.

கிரோமெட் ஒயரைத் தாங்குவதற்கு அல்ல, விளிம்பை மறைப்பதற்கு. அதனால் இரண்டு பக்கமும் அரைச் சாண் தூரத்துக்குள் கிளாம்ப் போட்டு ஒயரைப் பாடியோடு கட்டுங்கள். பாடியிலிருந்து இன்ஜினுக்கோ சேஸிஸுக்கோ தாவுகிற இடத்தில் மட்டும் தளர்வு விடுங்கள், அங்கே இறுக்கினால் அறுந்துவிடும். முழு நீளத்துக்கும் நெளிவுள்ள ஸ்லீவ் போட்டு, ஒயரை எக்ஸாஸ்டை விட்டுத் தள்ளிக் கொண்டுபோங்கள். துளைக்குள்ளே ஜாயின்ட் வரவே கூடாது. அப்புறம், ஒயர் இழுக்கும்போதே கூட இரண்டு உபரி ஒயரும் ஒரு நூலும் இழுத்து வைத்துவிடுங்கள். அடுத்த வருடம் ரேடியோ வாங்கும்போது இன்னொரு துளை வேண்டியிருக்காது.

அந்தத் தம்பியின் வண்டியில் பழைய துளையைத் தகடு வைத்து அடைத்து, கருகிய பஞ்சை வெட்டி எடுத்து, புது ஒயரைப் பயணிகள் பக்கமிருந்த ரப்பர் மூடி வழியாகக் கொண்டுவந்தேன். ரிலே வெளியே போனது. வண்டியை எடுத்துப் போகும் முன் பானெட்டுக்குள் கிரோமெட் இருந்த பக்கமாகத் தண்ணீர் மெதுவாக வழியவிட்டு, உள்ளே ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தோம். காகிதம் நனையவில்லை. "முதல் பயணம் போயிட்டு வந்ததும் கொண்டு வாங்க தம்பி, லைட்டைப் போட்டுக்கிட்டு நான் ஒயரை ஆட்டிப் பார்க்கணும்" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து சேறும் சகதியுமாக வண்டியோடு வந்து நின்றார். கிரோமெட்டின் உதடு தகரத்தில் அப்படியே பிடித்திருந்தது.