பாலிஷ் மெஷின்: சுற்றுவதா, சுழன்றுகொண்டே சுற்றுவதா?

சேலம் அஸ்தம்பட்டி வாசகர் ஒருவரின் கேள்வி: கறுப்பு கார், வாட்டர் வாஷில் துடைத்துத் துடைத்து பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். ரோட்டரி மெஷின் வாங்கலாமா, டூயல் ஆக்‌ஷன் வாங்கலாமா? 15 மி.மீ. த்ரோ (தேய்க்கும் ஃபோம் வட்டான பேட் போடும் சிறு வட்டத்தின் விட்டம்) உள்ள டூயல் ஆக்‌ஷனே போதும். காரணத்தைப் பார்ப்போம்.

முதலில், அந்தக் கீறல்கள் வட்டமே இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கும் நேர்க்கோடுகள்தான் அவை. சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, ஒளிக்குக் குறுக்காக விழுந்த கோடுகள் மட்டும் கண்ணுக்கு மின்னுவதால் வட்டமாகத் தெரிகின்றன. தலையை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும்.

இந்தக் கோடுகள் கிளியர் கோட்டில், அதாவது நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சில் இருக்கின்றன. அதன் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பரப்பைக் கீறலின் ஆழம்வரை தேய்த்து இறக்குகிறது. ஒரு முறைக்கு 1 முதல் 3 மைக்ரான் போகும், போனது திரும்பாது. ஏற்காடு மலைப்பாதையில் வண்டியை ஒதுக்கும்போது முள்செடி உரசிய கோட்டில் நகம் மாட்டுகிறதா? அது பாலிஷுக்கு அடங்காது, டிங்கர் பட்டறை வேலை.

பாலிஷில் இருக்கும் தேய்க்கும் பொடி பெரும்பாலும் அலுமினா. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்டில் இருப்பதும் அதுதான். அந்தத் தாது மேட்டூரில் அலுமினியமானது.

ரோட்டரியில் மோட்டார் பேடை நேராகச் சுழற்றும். 150 மி.மீ. பேட், நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் விளிம்பின் வேகம் நொடிக்கு சுமார் 12 மீட்டர், நடுமையத்தில் பூஜ்யம். சூடு முழுக்க விளிம்பில். கதவின் மடிப்புக் கோட்டில் சில நொடி அசையாமல் நின்றாலே பெயிண்ட் போய் ப்ரைமர் எட்டிப் பார்க்கலாம். அழுத்தினாலும் மோட்டார் விடாது. தேய்ப்புக் கோடுகளும் ஒரே போக்கில் விழுவதால் வெயிலில் ஹோலோகிராம் பட்டைகள் தெரியும்.

டூயல் ஆக்‌ஷன் வேறு ஜாதி. மோட்டார் தண்டின் மையத்திலிருந்து 7.5 மி.மீ. தள்ளி ஒரு பேரிங், அதில் பேட். ஆட்டுக்கல்லில் கை குழவியைச் சுற்றிக் கொண்டுபோகிறது. குழவி தன் போக்கில் தானும் சுழல்கிறது. அதே கதைதான். நிமிடத்துக்கு 4,500 சுற்றில், 15 மி.மீ. வட்டத்தில் பேடின் ஒவ்வொரு புள்ளியும் நொடிக்கு சுமார் 3.5 மீட்டர் வேகத்தில் ஓடும். இந்தச் சுற்றை மட்டும் பார்த்தால் விளிம்பு, மையம் என்ற பேதமே இல்லை!

பேட் தன்னைத்தானே சுழல்வதற்கு மோட்டார் நேரடியாக எதுவும் செய்வதில்லை. பேரிங்கின் உள் உராய்வு லேசாக இழுக்கிறது, அவ்வளவே. பெயிண்டின் உராய்வு அதைத் தடுக்கிறது. நீங்கள் அதிகமாக அழுத்தினாலோ மெஷினைச் சாய்த்தாலோ பெயிண்ட் ஜெயித்துவிடும், சுழற்சி நிற்கும். குறை மாதிரித் தெரிகிற இதுதான் பாதுகாப்பு: ரோட்டரி எரிக்கிற இடத்தில் இது முடங்கிவிடுகிறது.

முடங்கினால் தேய்த்து இறக்கும் திறனும் குறையும். ஒவ்வொரு துகளும் அதே சிறு வட்டத்தையே திரும்பத் திரும்பப் போடும்; அந்த அசைவிலும் பாதியை ஃபோம் வளைந்து கொடுத்து விழுங்கிவிடலாம். அதனால் மெல்லிய பேட் வாங்குங்கள். பேக்கிங் பிளேட்டின் (பேடை ஒட்டும் தட்டின்) ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு சுற்றுவது தெரிந்தால் வேலை நடக்கிறது. மெஷினுக்குள் இருக்கும் எதிர் எடை குறிப்பிட்ட அளவு பேடுக்கென்று சமன் செய்தது. பெரிய பேடை மாட்டினால் கை மரத்துப்போகும்.

21 மி.மீ. த்ரோ அகலமான, தட்டையான பானெட்டுக்கு வேகம் தரும். சின்ன கார்களின் வளைவுகளில் அடிக்கடி முடங்கும். கியரால் கட்டாயமாகச் சுழற்றும் டூயல் ஆக்‌ஷனும் உண்டு. முடங்காது, ஆனால் அதிரும், சூடும் கூடும். ரோட்டரி வாங்கியே தீருவேன் என்றால் பெயிண்ட் தடிமன் கேஜும் வாங்குங்கள். அது காட்டுவது மொத்தத் தடிமனை, கிளியர் கோட்டை அல்ல. மற்ற இடமெல்லாம் 110, ஒரு கதவில் மட்டும் 300 மைக்ரான் என்றால் அங்கே புட்டியோ மறுபெயிண்டோ இருக்கிறது.

வேலை செய்யும் முறை: கழுவி, கிளே (பெயிண்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி) தேய்த்து, மடிப்புகளில் டேப் ஒட்டுங்கள். சேலத்து மதிய வெயில் ஆகாது. தகடு சூடானால் கம்பவுண்ட் (பாலிஷ் பசை) காய்ந்து பொடியாகும். ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பட்டாணி அளவில் நான்கு சொட்டு. குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு மெஷினின் வேக டயலில் 4 அல்லது 5-ஆம் எண்ணில், நொடிக்கு 2, 3 செ.மீ. நகர்த்தி, குறுக்கும் நெடுக்குமாக நான்கு முதல் ஆறு முறை. ஒவ்வொரு சதுரத்துக்கும் பேடை பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது, அங்கே வேகத்தைக் குறையுங்கள்.

துடைத்ததும் பளபளப்பதை நம்ப வேண்டாம். கம்பவுண்டின் எண்ணெய் கீறலை மறைத்திருக்கும். தண்ணீரில் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயுத பூஜைச் சந்தனத்தைக் காயவிட்டு உலர்ந்த துணியால் சுரண்டுவதும் இதே கீறலைத்தான் போடும். திருஷ்டி கழிகிறதோ இல்லையோ, கிளியர் கோட் கழியும். நனைத்து, ஊறவைத்து எடுங்கள்.