கொழுந்துத் தராசும் சி நிரலும்: எந்தப் பிழைக்கு எந்தக் கருவி?

ஒருவர் பறித்த தேயிலைக் கொழுந்து: காலையில் 6 கிலோ 800 கிராம், பகலில் 5 கிலோ 900, பின்னேரம் 5 கிலோ 700. மூன்று நிறுவையும் சேர்ந்தால் 18 கிலோ 400 கிராம். அன்றைய அளவு 18 கிலோ என்றால், கொழுந்து பறித்தவருக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். ஆனால் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கென்று நாங்கள் எழுதிய முதல் கணினி நிரல் 16 கிலோ என்று காட்டியது. 16 என்றால் அரைப்பேர்.

அது வெள்ளோட்டம்தான். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேடு வழக்கம்போலக் கணக்கப்பிள்ளையின் கையெழுத்தில் இருந்ததால் யாருடைய சம்பளமும் குறையவில்லை. "தம்பி, ஒங்க தராசு கொழுந்த முழுங்குது" என்று முதலில் சொன்னவர், நிறுக்க வந்த ஓர் அம்மா. அன்றிரவே உட்கார்ந்து தேடினோம். ஒவ்வொரு நிறுவையையும் 1000ஆல் வகுத்துக் கிலோவாக்கி, அதன் பிறகு கூட்டியிருந்தோம். சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மிச்சம் கழன்று விழும். 800, 900, 700 மூன்றும் அப்படி விழுந்து போயின. கடைசி வரை கிராமிலேயே கூட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

ஹட்டனில் சனிக்கிழமைகளில் நான் எடுக்கும் வகுப்புக்கு நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கமிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, சிக்கு எந்த டீபக்கர் நல்லது?" டீபக்கர் என்றால் நிரலில் பிழை தேட உதவும் கருவி. அவர்களுக்கு நான் முதலில் இந்தக் கதையைச் சொல்வேன். இந்த நிரல் இடையில் விழவில்லை. நினைவகத்தில் தப்பான இடத்தைத் தொடவில்லை. நாம் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரும் எச்சரிக்கவில்லை. மொழி அனுமதித்த கணக்கையே அது செய்தது. ஆகவே நினைவகத்தைக் காவல் காக்கும் கருவி எதுவும் இதற்கு வாய் திறக்காது. சரியான விடையை முன்கூட்டியே எழுதி வைத்து ஒப்பிடும் ஒரு சோதனைதான் இதைப் பிடிக்கும்.

அந்தச் சோதனையை எழுத வேண்டுமென்றால் கணக்கைத் தராசிலிருந்து பிரிக்க வேண்டும். சென்சாரைப் படிக்கும் வரியும் கழிவு போடும் வரியும் ஒரே ஃபங்க்ஷனில் பின்னிக் கிடந்தால், தராசு இல்லாமல் எதையும் சோதிக்க முடியாது. எண்ணை வாங்கி எண்ணைத் திருப்பித் தரும் சின்னச் சின்ன ஃபங்க்ஷன்களாகப் பிரித்துவிட்டால் மடிக்கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். நாங்கள் யூனிட்டி என்ற சோதனைச் சட்டகத்தைப் பாவிக்கிறோம். விளையாட்டு செய்யும் யூனிட்டி வேறு. இது ஒரு சி கோப்பும் இரண்டு தலைப்புக் கோப்புகளும் மட்டும், டேட்டா தீராது. அதுவும் இல்லாவிட்டால் சி மொழியோடு வரும், நிபந்தனை பொய்த்தால் நிரலை நிறுத்தும் அசெர்ட் போதும். சோதிக்கும் எண்களை எல்லைகளில் வையுங்கள்: 0, 17999, 18000, 18001. நடுவில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் சரியாகவே வரும். எந்த வரிகளைச் சோதனை தொடவே இல்லை என்பதை ஜிகவ் என்ற கருவி காட்டும். ஆனால் எங்கள் வகுத்தல் வரி சோதனையில் ஓடத்தான் செய்தது. எல்லா வரியும் ஓடியது என்றால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நினைவகப் பிழைகள் வேறு இனம். இங்கே இரண்டு கருவிகள் இருக்கின்றன: வால்கிரிண்ட் தொகுப்பில் வரும் மெம்செக், கம்பைலரில் தெரிவாகச் சேர்க்கும் அட்ரஸ் சானிடைசர். பலரும் ஒன்றைப் பழகிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்குக் கவலை.

ஒரு மாணவி பெயர்ப்பதிவு நிரல் எழுதினாள். பெயருக்கு 20 பைட் அணி, அதாவது நினைவகத்தில் அடுத்தடுத்து 20 பைட் இடம். ராணி, கமலா என்று போட்டுப் பார்த்தாள், ஓடியது. முத்துலட்சுமி என்று போட்டதும் கண்ட கண்ட விடை வந்தது. நமக்கு அது ஏழெழுத்துப் பெயர். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'மு' என்பது மகரமும் உகரக் குறியுமாக 6 பைட். எண்ணிப் பார்த்தால் முத்துலட்சுமிக்கு 39 பைட், முடிவுக் குறியோடு 40. தமிழில் பெயர் வாங்கும் நிரல் எழுதுகிற எல்லோரும் இதை ஒருமுறை கையால் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த அணி ஃபங்க்ஷனுக்குள் அறிவித்த உள்ளூர் அணி. வால்கிரிண்டின் மெம்செக்கை ஓட்டிப் பார்த்தாள். அது அணி நிரம்பி வழிந்த இடத்தைக் காட்டவில்லை. அட்ரஸ் சானிடைசரைச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்ததும், எந்த வரியில் எந்த அணி வழிந்தது என்று உடனே சொல்லிவிட்டது.

அடுத்த வாரம் நேர் எதிராக நடந்தது. ஒரு தம்பியின் நாள்கூட்டல் அவன் மடிக்கணினியில் சரியாக வந்தது, நண்பனுடையதில் பிழைத்தது. நினைவகத்தில் இடம் கேட்கும் மாலொக் ஃபங்க்ஷனில் வாங்கிய பதிவில் மொத்தத்தைப் பூச்சியமாக்க மறந்திருந்தான். அட்ரஸ் சானிடைசர் மௌனமாக இருந்தது. மதிப்பு கொடுக்காமல் வாசிப்பதைத் தேடுவது அதன் வேலையே அல்ல. மெம்செக்தான் பிடித்தது, மூலத்தைத் தேடும் தெரிவைப் போட்டதும் அந்த மாலொக் வரியையே காட்டியது.

மெம்செக் நிரலை 10 முதல் 30 மடங்கு வரை மெதுவாக்கும், ஆனால் மறுபடி கம்பைல் செய்யத் தேவையில்லை. சானிடைசர் ஏறக்குறைய 2 மடங்குதான் மெதுவாக்கும், ஆனால் நினைவகத்தைக் கூடுதலாகத் தின்னும். 4 ஜிபி உள்ள பழைய மடிக்கணினியிலும் நம் அளவு நிரல்களுக்கு இரண்டும் தாராளமாக ஓடும். ஒரே ஓட்டத்தில் இரண்டையும் சேர்க்க முடியாது, தனித்தனியாக ஓட்டுங்கள்.

பிள்ளைகள் கேட்கும் டீபக்கர் ஜிடிபி பற்றிச் சுருக்கமாக. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதத் தொடங்கியது, இன்றும் என் முதல் துணை. பிழை இருப்பது தெரிந்த பிறகு அது வந்த வழியைப் பார்ப்பதற்கே அது. நிரல் விழுந்ததும், எந்த ஃபங்க்ஷன்கள் வழியாக அங்கே வந்தது என்று பார்க்க பேக்டிரேஸ்; ஒரு மாறியை யார் மாற்றுகிறார்கள் என்று தெரிய வாட்ச். இந்த இரண்டு கட்டளையைப் பழகினாலே பாதி இரவுத் தூக்கம் மிஞ்சும். கம்பைல் செய்யும்போது 'ஜி' தெரிவை மறந்தால் வரி எண்கள் கிடைக்காது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், காசும் டேட்டாவும் இல்லாமல் கிடைப்பது கம்பைலரின் எச்சரிக்கை. அதைத்தான் அதிகம் பேர் அலட்சியம் செய்கிறார்கள். நாங்களும் செய்தோம். சிறுதோட்டக்காரர்களின் சாக்குகளை நிறுக்க ஏடிமெகா328பி சில்லில் ஒரு தராசு செய்தோம். கணினியில் சோதனைகள் எல்லாம் தேறின. மேசையில் 5 கிலோ படிக்கல்லும் சரியாக நின்றது. இடத்துக்குக் கொண்டுபோய் 34 கிலோச் சாக்கை ஏற்றினால் திரையில் −31.5. அந்தச் சில்லில் இன்ட் என்ற முழு எண் வகை 16 பிட், உச்சம் 32767. கிராமில் அது 33 கிலோவைக்கூடத் தொடாது. கணினியில் இன்ட் 32 பிட் என்பதால் அங்கே சோதனைக்கும் தெரியவில்லை, சானிடைசருக்கும் தெரியவில்லை. பெரிய எண்ணைச் சின்ன மாறியில் திணிக்கிறாய் என்று சொல்லும் 'கன்வர்ஷன்' எச்சரிக்கை, 'ஆல்', 'எக்ஸ்ட்ரா' என்ற எச்சரிக்கைத் தெரிவுகள் இரண்டையும் போட்டாலும் தானாக வராது. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அன்று கேட்டிருந்தால் அந்த வரி எங்கள் மேசையிலேயே மாட்டியிருக்கும்.

அதன் பிறகு எடைக்கென்று வெறும் இன்ட் எழுதுவதில்லை. 1999ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த, அகலம் குறித்த 32 பிட் வகையையே எழுதுகிறோம். கணினியில் தேறிய சோதனைகளைச் சில்லிலும் ஒருமுறை ஓட்டுகிறோம். பட்டறை மேசைக்கு அடியில் 35 கிலோ மணல் மூட்டை ஒன்று கிடக்கிறது. புதிதாக எந்தத் தராசுப் பலகை வந்தாலும், தோட்டத்துக்குப் போகுமுன் அந்த மூட்டையைத்தான் முதலில் நிறுக்கிறது.