புது சீல் போட்டும் ஒழுகும் என்ஜின்

பழைய ஸ்போர்ட்ஸ் காரை இரவில் நிறுத்தும்போது அதன் அடியில் ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்துவைப்பேன். காலையில் முதல் வேலை அதை இழுத்துப் பார்ப்பது. ஒருநாள் மூன்று சொட்டு, மறுநாள் ஏழு சொட்டு. என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் கேஸ்கெட்டை, அதாவது இணைப்பில் கசியாமலிருக்க நடுவில் வைக்கும் மெல்லிய தடுப்பை, மாற்றினேன்; நின்றதுபோல் இருந்தது. இரண்டு வாரத்தில் மறுபடி அதே கறை. என்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப்பின் கேஸ்கெட்டையும் மாற்றினேன். கடைசியில் பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கி, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்புற ஆயில் சீலையும் புதிதாகப் போட்டார்கள். ஒரு மாதம் கழித்து அட்டையில் மீண்டும் சொட்டு. இத்தனை முறையும் நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: எண்ணெயை வெளியே தள்ளுவது எது?

கசிவு என்றாலே நம் கண் ஓட்டையைத்தான் தேடுகிறது. குடம் ஒழுகினால் அது போதும். என்ஜின் அப்படியல்ல, உள்ளே எண்ணெயோடு வாயுவும் அடைபட்டிருக்கிறது, அந்த வாயு ஒவ்வொரு நொடியும் பெருகிக்கொண்டே இருக்கிறது.

முழுச் சுமையில் ஓடும் பெட்ரோல் என்ஜினில், எரிபொருள் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஐம்பது மடங்கை எட்டும். அதைத் தடுத்து நிறுத்துபவை பிஸ்டன் ரிங்குகள். ரிங் என்பது முழு வளையம் அன்று, சிறு வெட்டு விட்ட வளையம். அந்த வெட்டின் வழியாகவும் ஓரங்களின் வழியாகவும் கொஞ்சம் வாயு நழுவி, கீழே கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அறையான கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். புத்தம்புது என்ஜினிலும் இது நடக்கும். இறங்கிய வாயு எப்படியாவது வெளியேறியாக வேண்டும். அந்தக் காலத்து என்ஜின்களில் அதற்காகச் சாலையைப் பார்த்து ஒரு குழாயைத் தொங்கவிட்டிருந்தார்கள். 1960களில் அந்தக் குழாய் மெல்ல இன்டேக் பக்கம் திரும்பியது. என்ஜின் காற்றை உறிஞ்சும் அதே இழுப்பு கிராங்க்கேஸ் வாயுவையும் இழுத்து எரித்துவிடும். இந்த ஏற்பாடு சரியாக இருந்தால் கிராங்க்கேஸுக்குள் வெளியே இருப்பதைவிடச் சற்றுக் குறைவான அழுத்தமே நிலவும். கேஸ்கெட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர எண்ணெய் வெளியே வராது.

ஐம்பது வருடம் ஆன காரில் அந்த ரப்பர் குழாயின் உட்சுவர் ஊறிச் சப்பிப்போயிருக்கும். எண்ணெய் ஆவியைப் பிரித்தெடுக்க வைத்த கம்பி வலையில் தார்போல் கசடு ஏறியிருக்கும். வழி அடைபட்டதும் அழுத்தம் ஏறுகிறது. எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0.05 பார் என்பது அரை மீட்டர் உயர நீர் தரும் அழுத்தம், அவ்வளவுதான். ஆனால் 400 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள டேப்பட் கவரின் மேல் அது 200 நியூட்டன் விசையாகிறது. அதாவது இருபது கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு ஒரு கை கவரை உள்ளிருந்து மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. புது கேஸ்கெட் அதற்கு எத்தனை நாள் தாங்கும்?

சோதித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. என்ஜின் சூடாகி ஐட்லிங்கில் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றை அதன் வாயில் இறுக்கமாக மாட்டினேன். விசிறி, பெல்ட் பக்கம் அது போகாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கையுறை ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு விறைப்பாக எழுந்து நின்றது. மூன்று கேஸ்கெட் வேலைகளுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் உண்மையான தகவல் அதுதான். குழாயைக் கழற்றிக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். சுண்டுவிரல் போக வேண்டிய துளையில் பென்சில் முனைகூட நுழையவில்லை. குழாயை மாற்றி, கம்பி வலையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிப் போட்டபின் அதே கையுறை சுருங்கி உள்ளே இழுபட்டது. சாலையைப் பார்த்த பழைய வகைக் குழாய் உள்ள என்ஜினில் மட்டும் கையுறை லேசாக உப்புவது இயல்பு. மற்றவற்றில், வழியெல்லாம் சுத்தமாக இருந்தும் அது விறைத்து நின்றால் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அப்போது சீல் வாங்கும் பணத்தை மிச்சப்படுத்தி, முதலில் சிலிண்டர்களின் கம்ப்ரெஷனை, அதாவது பிஸ்டன் அழுத்தும்போது உள்ளே எழும் அழுத்தத்தை, அளந்து பார்ப்பது நல்லது.

அழுத்தம் தீர்ந்த பிறகும் ஒழுகினால் சீலின் பக்கம் போகலாம். சுழலும் ஷாஃப்டைச் சுற்றியுள்ள ஆயில் சீலை நான் வெகுநாள் வெறும் தடுப்பு என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு நுண்ணிய பம்பு. ரப்பர் உதடு ஷாஃப்டைத் தொடுவதுபோல் தெரியும். ஆனால் ஷாஃப்ட் சுழலும்போது இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள எண்ணெய்ப் படலம் இருக்கும். அது இல்லாவிட்டால் ரப்பர் கருகிவிடும். இவ்வளவு எண்ணெய் இருந்தும் அது ஏன் வெளியே வழிவதில்லை? உதட்டின் இரு பக்கச் சரிவுகளும் வேண்டுமென்றே வேறுவேறு கோணத்தில் அமைக்கப்பட்டுள்ளன. எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாகவும் காற்றுப் பக்கம் தாழ்வாகவும் சரியும். இதனால் சுழற்சியின் இழுப்பில் ரப்பர் பரப்பின் நுண்மேடுகள் ஒரே திசையில் சாய்ந்து, நழுவிய எண்ணெயை மறுபடி உள்ளே தள்ளுகின்றன. சீலைத் திருப்பிப் போட்டால் அதே பம்பு எண்ணெயை வெளியே இறைக்கும்.

இந்தப் பம்பு வேலை செய்ய உதடு நெகிழ்ந்துகொடுக்க வேண்டும். சூடும் ஆக்சிஜனும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளுக்கிடையே புதிய பாலங்களைப் போட்டுக்கொண்டே போகின்றன. ரப்பரை மென்மையாக வைத்திருந்த சேர்மானமும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயில் கரைந்து போய்விடுகிறது. இணைப்புகளில் போடும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் பழையது ஒன்றை வெளியே எடுத்துப் பாருங்கள்: வட்டமாக இருந்த குறுக்குவெட்டு, பள்ளத்தின் அச்சை எடுத்ததுபோல் சதுரமாகியிருக்கும், வளைத்தால் உடையும். நைட்ரைல் ரப்பர் நெடுநாளுக்கு 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குத்தான் ஒத்துவரும். விட்டான் என்ற பெயரில் விற்கும் ஃப்ளூரோ ரப்பர் 200 டிகிரிவரை தாங்கும். இரண்டும் கிடைக்குமானால் நான் யோசிக்காமல் இரண்டாவதையே வாங்குவேன். காற்றால் குளிரும் பழைய போர்ஷே 911 என்ஜினில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். அதில் சிலிண்டர்கள் படுத்திருப்பதால் எண்ணெய் ஓ-ரிங் போட்ட குழாய்கள் வழியாகக் கிராங்க்கேஸுக்குத் திரும்புகிறது. அந்தக் குழாய்கள் கொதிக்கும் எக்ஸாஸ்டுக்கு அருகிலேயே போகின்றன.

ரப்பர் மட்டுமல்ல, ஷாஃப்டும் தேய்கிறது. இரும்பை ரப்பர் தேய்க்குமா என்று கேட்கத் தோன்றும். எண்ணெயில் மிதக்கும் தூசு உதட்டில் புதைந்து எமரி தாளாக மாறிவிடுகிறது. அது ஷாஃப்டைச் சுற்றிலும் கோடுபோல் ஒரு பள்ளத்தை அரித்துவிடும். நகத்தை ஷாஃப்டின் மேல் வைத்து நெடுகிலும் நகர்த்தினால் அந்தக் கோடு தட்டுப்படும். அந்தப் பள்ளத்திலேயே புது சீலின் உதடு உட்கார்ந்தால் பழைய கதைதான். சீலை ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி உட்காரவைக்கலாம், இடமில்லாவிட்டால், கால் மி.மீ. அளவே தடிமனுள்ள எஃகு உறையை ஷாஃப்டின் மேல் செருகலாம். எமரி தாளால் தேய்த்துச் சரிசெய்கிறேன் என்று கிளம்புகிறவர்களைத்தான் பார்த்தால் பதறுகிறது. சாய்வாகத் தேய்த்த கீறல்கள் திருகுபோல் ஆகி, நிமிடத்துக்கு 5000 சுற்றில் எண்ணெயை வெளியே ஓட்டும்.

இதே திருகை நல்லதற்குப் பயன்படுத்திய காலமும் உண்டு. 1962இல் வந்த எம்ஜிபி காரின் முதல் என்ஜின்களில், கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் மூன்று மட்டும் கொண்டவற்றில், பின்புறம் ரப்பர் சீலே கிடையாது. ஷாஃப்டில் வெட்டிய திருகுப் பள்ளம், சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பிவிடும். நின்றால் அந்த வேலையும் நின்றுவிடும். சரிவான இடத்தில் நிறுத்தினால் இரண்டு சொட்டு விழுவது அந்த அமைப்பின் இயல்பு. 1964இல் ஐந்து பேரிங் என்ஜின் வந்தபோதுதான் அங்கே ரப்பர் சீல் வந்தது.

நகராத இணைப்புகளின் பிரச்சினை வேறு. அரை மீட்டர் நீள அலுமினியப் பாகம் 80 டிகிரி சூடேறினால் சுமார் 0.9 மி.மீ. நீளும், அதே அளவு வார்ப்பிரும்பு அதில் பாதிதான் நீளும். நடுவில் மாட்டிய கேஸ்கெட் ஒவ்வொரு பயணத்திலும் அந்த இழுபறியை வாங்கிக்கொள்கிறது. ஒழுகுகிறதே என்று போல்ட்டை இன்னும் இறுக்கினால் தகரக் கவரின் போல்ட் துளைகளைச் சுற்றி உலோகம் குழிந்து, இரு போல்ட்டுக்கு இடைப்பட்ட பகுதி மேலே எழும்பிவிடும். கவரைத் தட்டையான மரக்கட்டையில் வைத்து, குழிந்த இடங்களைச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமப்படுத்திவிட்டு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்க வேண்டும். சிலிக்கோன் பசையை அள்ளி அப்புவது இன்னும் மோசம். பிதுங்கி உள்ளே போன பகுதி பிய்ந்து ஆயில் பம்பின் வடிகட்டியை அடைத்தால் பேரிங்குகள் எண்ணெயின்றி எரிந்துபோகும்.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பலரும் தோற்கிறார்கள். எண்ணெய் கீழே இறங்கும். ஓடும் காரின் காற்று அதைப் பின்னால் தள்ளும். எனவே சொட்டும் இடம் கசியும் இடம் அன்று. என்ஜினை முழுவதும் கழுவிக் காயவைத்து, ஒளிரும் சாயத்தை எண்ணெயில் கலந்து, சிறிது தூரம் ஓட்டிவிட்டு இருட்டில் புற ஊதா விளக்கைப் பிடித்தால் பச்சை மஞ்சளாக ஒரு கோடு தெரியும். அதைப் பிடித்துக்கொண்டே மேலே போக வேண்டும். ஈரத்தின் உச்சிதான் ஊற்று. கியர்பாக்ஸ் அருகே சொட்டினால் முகர்ந்தும் பாருங்கள்; கந்தக நெடி வீசினால் அது என்ஜின் எண்ணெயாக இருக்க வாய்ப்பில்லை, கியர் எண்ணெய்.

என் காரில் அந்தக் கோடு பின்புற சீலிலிருந்து புறப்படவில்லை. டேப்பட் கவரின் பின்மூலையிலிருந்து பிளாக்கின் பின்புறமாக இறங்கி, கியர்பாக்ஸ் இணையும் இடத்தில் போய்ச் சொட்டியிருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கியது வீண் வேலை. கவரைச் சமப்படுத்தி மாட்டிய பிறகு ஆறு வாரமாக அந்த மூலை காய்ந்தே இருக்கிறது. அட்டையில் இப்போது இரவுக்கு ஒரு சொட்டு விழுகிறது. நேற்று விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஆயில் பிரஷர் சுவிட்ச்சின் அடியில் மோதிர அளவுக்கு ஒரு பச்சை வளையம். அங்கே பம்பின் முழு அழுத்தமும் நேராக வந்து முட்டுகிறது. சுவிட்ச்சும் புதிய செப்பு வாஷரும் மேசையில் தயாராக இருக்கின்றன. என்ஜின் ஆறட்டும் என்று காத்திருக்கிறேன்.