பழைய லாரியில் கை வைக்கும் முன் கையேட்டைப் பிரித்துப் படியுங்கள்

முன் சக்கரத்தின் நடுக்குடமான ஹப் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. பேரிங்கின் கூடு நொறுங்கித் தூளாகி, உருளைகள் சக்கரம் சுழலும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்சிலோடு ஒட்டிப்போயிருந்தன. உருகிய கிரீஸ் ஆயில் சீலைத் தாண்டி வழிந்து பிரேக் லைனிங்கை ஊற வைத்திருந்தது. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். உரிமையாளர் முந்தின வாரம்தான் தாமே சக்கரத்தைக் கழற்றி, பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புது கிரீஸ் அடைத்து மாட்டியிருக்கிறார். "துளி ஆட்டம்கூட இல்லாமல் நட்டை நன்றாக முறுக்கினேனே" என்றார். கையேடு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. இருக்கைக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறைக்குள், ஹப் பற்றிய அத்தியாயம் புத்தம் புதிதாக இருந்தது.

இப்படி வரும் வண்டிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். சொந்த வண்டியில் சொந்தமாக வேலை செய்வதை நான் ஒருபோதும் தடுத்ததில்லை. பழைய லாரி அதற்கு ஏற்ற வண்டியும்கூட. கம்ப்யூட்டர் பெட்டி கிடையாது. பெரும்பாலான பழுதுகளைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். ஆனால் அந்த வண்டியை வடிவமைத்தவர்கள் அளந்து, சோதித்து எழுதி வைத்த கணக்கை ஒதுக்கிவிட்டு, "எல்லா லாரியும் ஒன்றுதான், கைக்கே தெரியும்" என்று ஸ்பேனரை எடுப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஹப் நட்டுக்குக் கையேடுகள் பொதுவாகச் சொல்லும் முறை இதுதான். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டைக் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்க வேண்டும். உருளைகள் தம் இடத்தில் அமர்ந்த பிறகு அதே நட்டைக் குறிப்பிட்ட அளவு தளர்த்த வேண்டும். பூட்டு நட்டைப் போட்டு இறுக்கியபின், நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜ் வைத்து ஹப்பின் முன்பின் ஆட்டத்தை அளக்க வேண்டும். கையால் சரிசெய்யும் பேரிங் உள்ள கனரக வாகனங்கள் பலவற்றில் இந்த ஆட்டம் 0.025 மில்லிமீட்டரிலிருந்து 0.127 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும் என்பது கணக்கு. தலைமுடியின் பருமன் அளவுதான். ஆனால் அந்த இடைவெளி இருந்தே ஆக வேண்டும். ஓடும்போது உலோகம் சூடாகி விரியும். விரிய இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன வண்டியே போதும். இறுக்கிய நட்டைத் தளர்த்தச் சொல்லும் அந்த ஒற்றை வரியை எந்த அனுபவமும் தானாகச் சொல்லிக்கொடுக்காது. எழுதியிருப்பதைப் படித்தால்தான் உண்டு.

எனக்கு மிகுந்த எரிச்சல் தரும் நம்பிக்கைக்கு வருகிறேன். "இறுக்க இறுக்கப் பாதுகாப்பு." இதைச் சொல்லாத வாடிக்கையாளரே இல்லை. தயவுசெய்து கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். போல்ட்டை முறுக்கும்போது அது நீள்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நீள்கிறது. நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் இழுவைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஓர் எல்லையைத் தாண்டி இழுத்துவிட்டால் உலோகம் தளர்ந்துவிடும். பழைய நீளத்துக்குத் திரும்பாது. அதற்குப் பிறகு நீங்கள் போடும் ஒவ்வொரு முறுக்கும் போல்ட்டைப் பலவீனப்படுத்துகிறதே தவிர, பிடிப்பைக் கூட்டுவதில்லை. அன்று உடையாது. சுமையோடு ஏற்றத்தில் ஏறும்போது உடையும்.

இன்னொன்று. நீங்கள் கொடுக்கும் முறுக்கு விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் பிடிப்பாக மாறுகிறது. மீதி முழுவதும் போல்ட் தலையின் அடியிலும் மரையிலும் உராய்விலேயே செலவாகிவிடுகிறது. மரை துருப்பிடித்திருந்தால் ஸ்பேனரில் கனமாக இறுகியது போலத் தெரியும், உள்ளே பிடிப்பு இருக்காது. எண்ணெய் தடவியிருந்தால் அதே விசையில் போல்ட் எல்லை தாண்டி இழுபடும். அதனால்தான் கையேடு "உலர்ந்த மரையில்" என்றோ "என்ஜின் ஆயில் தடவி" என்றோ தனியாகக் குறிப்பிடுகிறது. அளவை மட்டும் எழுதிக்கொண்டு அந்தக் குறிப்பை விட்டுவிடுகிறவர்கள் எத்தனை பேர்! உங்கள் கைக்கு உராய்வு எது, பிடிப்பு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. என் கைக்கும் தெரியாது. அதற்காகத்தான் முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சும் கையேடும்.

என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டில் இது இன்னும் கறாராக வரும். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, படத்தில் எண்ணிட்ட வரிசையில், இரண்டு மூன்று சுற்றுகளாக இறுக்க வேண்டும். ஓரத்திலிருந்து வரிசையாக ஒரே மூச்சில் முறுக்கினால் ஹெட் கோணிக்கொள்ளும். கேஸ்கட் புதிதாக இருந்தும் தண்ணீர் கசியும். சில என்ஜின்களில் கடைசிச் சுற்று விசைக் கணக்கில் இல்லாமல், இத்தனை டிகிரி திருப்பு என்று கோணக் கணக்கில் இருக்கும். அப்படி இறுக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் ஒரு முறைக்குத்தான். கழற்றியதையே மறுபடி போடலாமா என்பதற்கும் கையேட்டில் வரி இருக்கிறது.

அலகைப் பாருங்கள். பழைய கையேடுகள் சிலவற்றில் பவுண்டு-அடி, சிலவற்றில் கிலோகிராம்-மீட்டர், பிந்தியவற்றில் நியூட்டன்-மீட்டர். 10 கிலோகிராம்-மீட்டர் என்பது 98 நியூட்டன்-மீட்டர். 100 பவுண்டு-அடி என்பது ஏறக்குறைய 136. பவுண்டு-அங்குலத்தைப் பவுண்டு-அடி என்று படித்தால் 12 மடங்கு முறுக்குவீர்கள். அலுமினியப் பாகமாக இருந்தால் மரை அப்படியே பிய்த்துக்கொண்டு வரும்.

எந்தக் கையேடு என்பதிலும் குழப்பம் உண்டு. வண்டியோடு வரும் ஓட்டுநர் கையேட்டில் ஆயில் அளவு, டயர் காற்று, பராமரிப்புக் காலம் ஆகியவை இருக்கும். அதை வைத்துக்கொண்டு கியர் பாக்ஸைப் பிரிக்க முடியாது. உதிரிப்பாகப் பட்டியல் எது எதற்குப் பின்னால் அமரும் என்று படம் போட்டுக் காட்டும், அளவு சொல்லாது. உங்களுக்கு வேண்டியது பட்டறைக் கையேடு. அதிலும் முதல் சில பக்கங்களைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். எந்தச் சேஸிஸ் எண்ணிலிருந்து எதுவரை இந்த நூல் பொருந்தும் என்று அங்கேதான் எழுதியிருக்கும். ஒரே மாடல், ஒரே வருடம், ஆனால் வருட நடுவில் பாகம் மாறியிருக்கும். பழைய லாரியில் என்ஜினையே முன்னாளைய உரிமையாளர் மாற்றியிருக்கவும் கூடும். எனவே என்ஜினில் பொறித்த எண்ணைத் துடைத்துப் படித்து, அந்த என்ஜினுக்கான நூலைத் தேடுங்கள்.

அடுத்தது, அத்தியாயத்தை முழுவதும் படித்துவிட்டுத்தான் முதல் நட்டைத் தொட வேண்டும். பாதி பிரித்தபின் தனிக் கருவி வேண்டும் என்று தெரிந்தால் வண்டி ஜாக்கியிலேயே நிற்கும். எந்தெந்த சீல், எந்தெந்தப் பூட்டு வாஷர், எந்தெந்தக் காட்டர் பின் கழற்றினால் புதிதாகப் போட வேண்டும் என்பதைக் குறித்துக்கொண்டு முன்பே வாங்கி வையுங்கள். வால்வுகளுக்கு விடும் டேப்பட் இடைவெளியை அளக்க வேண்டியது என்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடாக இருக்கும்போதா என்று பாருங்கள். பழைய லாரிகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு, வலப்பக்கம் திருப்பினால் கழலும் இடமரை இருக்கும். ஸ்பேனரில் குழாயைச் செருகி, மேலே ஏறி நின்று, இறுகும் திசையிலேயே மிதித்து ஸ்டட்டை முறித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டட்டின் முனையிலேயே எழுத்து பொறித்திருக்கும், கையேட்டிலும் இருக்கும்.

வீடியோ பார்த்தேன் என்பார்கள். பாருங்கள், கை எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள அது உதவும். அளவை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள். அது அவர் வண்டியின் அளவு.

பழைய கையேட்டையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாத இடங்கள் உண்டு. அளவுகளில் அதை நம்பலாம். உடல்நலப் பாதுகாப்பில் அது தன் காலத்தைத் தாண்டவில்லை. பிரேக் டிரம்மில் உள்ள தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதச் சொல்லும் பக்கங்கள் இருக்கும். அந்தக் கால லைனிங்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டு. நுரையீரலுக்குள் போனால் பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோயைத் தரும். ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பாகங்களைப் பெட்ரோலில் கழுவச் சொல்லியிருந்தால் அதையும் செய்யாதீர்கள். ஆயில் பெயர்கள் பல இன்று வழக்கில் இல்லை. இணையான ஆயிலைத் தேடும்போது "உயர்ந்த தரம்தானே" என்று எதையாவது ஊற்றிவிடக் கூடாது. பித்தளை, வெண்கலப் பாகங்கள் உள்ள பழைய கியர் பாக்ஸுக்கு ஜி.எல்.-4 என்ற கியர் ஆயில் தரத்தைச் சொல்லியிருக்கும் இடத்தில் ஜி.எல்.-5 ஊற்றினால், அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அந்த உலோகத்தை அரிக்கக்கூடும். பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 ஒரு வகை. டாட் 5 சிலிக்கான் வகை. கலக்காதீர்கள்.

எச்சரிக்கைக் கட்டங்களைத் தாண்டிப் படிக்கும் பழக்கத்தை விடுங்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழையாதீர்கள். வண்டிக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். கேபினைச் சாய்த்தால் அதன் பூட்டு விழுந்ததா என்று பார்த்த பிறகே தலையை உள்ளே விடுங்கள். டீசல் பம்ப் குழாயில் கசிவா என்று விரலால் தடவாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்ன ஊசிக்குத்து போலத்தான் தெரியும். அப்படி நேர்ந்தால் வலி இல்லை என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், கையையே இழக்க நேரிடும். ஏர் பிரேக் வண்டியில் பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங் இருக்கும் சேம்பரின் வளையத்தை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள். உள்ளே அமுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். லாக் ரிங் வைத்த பல துண்டு ரிம்மில் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதும் இறங்கும்வரை ரிங்கில் கை வைக்கக் கூடாது; இரட்டைச் சக்கரமானால் இரண்டிலும் இறக்க வேண்டும். காற்றடிப்பது இரும்புக் கூண்டுக்குள் மட்டும். ஸ்பிரிங் சேம்பர், லாக் ரிங் ரிம் ஆகிய இந்த இரண்டு வேலையும் வீட்டில் வைத்துச் செய்கிற வேலை அல்ல.

கையேடு அழுக்காகிவிடும் என்று பயந்து பூட்டி வைக்காதீர்கள். வேண்டிய பக்கத்தை நகல் எடுத்து வண்டியின் பக்கத்தில் ஒட்டுங்கள், கிரீஸ் படட்டும். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதில் ஒரு டிக் போடுங்கள். அளந்த அளவையும் தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் ஓரத்தில் எழுதுங்கள். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால், கையேடு சொன்ன தூரம் ஓடியதும் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். வேலையை வெளியே கொடுத்தாலும் அந்தப் பக்கத்தின் நகலைக் கூடவே கொடுங்கள். நல்ல மெக்கானிக் அதற்காக முகம் சுளிக்க மாட்டார். பழைய வண்டிகளின் அளவுகள் கிடைப்பது எங்களுக்கே அரிதாகிவிட்டது. கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்.