பந்திச் சோறும் அசோலாக் கணக்கும்

சென்ற வாரம் இரவு பதினொன்றரை மணிக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஒரு சிறு பண்ணைக்கு ஓடினேன். கன்று ஈன்று மூன்று மாதமான ஜெர்சிக் கலப்புப் பசு, எழ முடியாமல் தலையை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு படுத்திருந்தது. இடப்பக்க வயிற்றில் கை முஷ்டியால் அழுத்தினால் பானைத் தண்ணீர்போலத் தளும்பும் ஓசை கேட்டது. புளித்த வாடையுடன் ஒழுகிக்கொண்டிருந்த சாணத்தில் முழுமுழுச் சோற்றுப் பருக்கைகள் கிடந்தன. முந்தைய நாள் திருமணப் பந்தியில் மீந்த சோற்றை இரண்டு அன்னக்கூடை நிறைய வாங்கி வந்து தொட்டியில் கொட்டியிருக்கிறார்கள். விடிவதற்குள் பசு இறந்துவிட்டது. "சோறுதானே டாக்டர், விஷமா வைத்தோம்?" என்று உரிமையாளர் கேட்டார். இந்த முகூர்த்தப் பருவத்தில் எனக்கு இது நான்காவது.

மாவுச்சத்து மாட்டின் அசையூண் வயிற்றில் (தீவனம் நொதிக்கும் பெரிய முதல் வயிற்றில்) நொதித்து அமிலமாகி, மாட்டைக் கொல்லும் கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எந்தக் கால்நடை மருத்துவரின் தொலைபேசி எப்படி அலறும் என்று கேட்டுப் பாருங்கள், அது போதும். அந்தச் சோறு ஏன் அந்தத் தொட்டிக்கு வந்தது என்பதுதான் என் கவலை. வார இறுதியில் மட்டும் பண்ணைக்கு வந்து போகும் அந்த உரிமையாளர், கலப்புத் தீவன மூட்டையின் விலை கட்டுப்படியாகவில்லை என்று நான்கு மாதங்களுக்கு முன் அதை நிறுத்திவிட்டு, தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பெரணியான அசோலாவுக்கு இரண்டு குழிகள் போட்டிருந்தார். மாடு மெலிந்து பால் குறைந்தது. அதை ஈடுகட்டத்தான் இலவசச் சோறு வந்தது.

அசோலாவின் மீது எனக்குப் பகை இல்லை. புரதமும் தாதுச்சத்தும் உள்ள நல்ல துணைத் தீவனம் அது. ஆனால் "இரண்டு குழி போட்டால் தீவனச் செலவே இல்லை" என்று காணொளிகளில் சொல்வதைக் கேட்டு வருபவர்களிடம் நான் ஒவ்வொரு முறையும் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. குழியிலிருந்து அள்ளும் அசோலாவில் ஏறக்குறைய 94 விழுக்காடு தண்ணீர்தான். ஒரு கிலோவைக் காயவைத்தால் கையில் மிஞ்சுவது சுமார் 60 கிராம், அதில் கால் பங்கைப் புரதம் என்று வைத்துக்கொண்டாலும் 15 கிராம். கடையில் வாங்கும் கறவை மாட்டுத் தீவனம் ஒரு கிலோவில் 200 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும். ஆக, ஒரு கிலோ கலப்புத் தீவனத்தின் புரதத்துக்கு ஈடாக நாளொன்றுக்குப் பதின்மூன்று கிலோ அசோலா வேண்டும். நம் வீட்டுக் குழி தருவதோ நன்றாகப் பராமரித்தால் அரைக் கிலோ, மிஞ்சிப்போனால் ஒரு கிலோ. இன்னொரு பக்கமாகவும் பார்க்கலாம். 400 கிலோ எடையுள்ள பசு ஒரு நாளில் 10 முதல் 12 கிலோ வரை உலர்பொருள் (தண்ணீர் போக மிஞ்சும் தீவனம்) தின்ன வேண்டும், நீங்கள் இரண்டு கிலோ அசோலா வைத்தால் அதில் உள்ள உலர்பொருள் 120 கிராம். மாட்டின் வயிற்றைத் தராசு முள்ளால் ஏமாற்ற முடியாது. மூட்டையின் எடைக்கு விலை பார்ப்பதை விட்டுவிட்டு, தண்ணீர் போக என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

செலவு உண்மையில் குறையும் இடம் பசுந்தீவனம். தண்ணீர் வசதியுள்ள பத்துப் பன்னிரண்டு சென்ட் நிலத்தில் கோ-4 அல்லது கோ-5 ரகக் கம்பு நேப்பியர் புல் வைத்தால் ஒரு பசுவுக்குப் போதும். நட்ட 75 நாள் அளவில் முதல் வெட்டு, பிறகு 45 நாளுக்கு ஒரு வெட்டு. வேலியோரம் வேலிமசாலும் அகத்தியும், ஊடே தீவனத் தட்டைப்பயறும் இருக்கட்டும். இத்தகைய பயறுவகைப் பசுந்தீவனம் ஏழெட்டுக் கிலோ கொடுத்தால் ஒரு கிலோ கலப்புத் தீவனத்தைத் துணிந்து குறைக்கலாம். முழுவதும் நிறுத்தக் கூடாது; உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோவும், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோவும் என்ற பழைய கணக்கை வைத்துக்கொண்டு அதிலிருந்து கழியுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை வாங்காதீர்கள், தயவுசெய்து.

மின்சாரச் செலவிலும் இதே தலைகீழ்க் கணக்குதான் நடக்கிறது. மின்கட்டணம் ஏறுகிறதென்று தீவனம் வெட்டும் இயந்திரத்தை மூடிவைத்துவிட்டு, முழுத் தட்டையாகப் போடுகிறார்கள். இரண்டு குதிரைத்திறன் மோட்டார் இருபது நிமிடம் ஓடினால் அரை யூனிட்தான் ஆகும். வெட்டாமல் போட்டால் மாடு இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டுத் தண்டைக் காலடியில் மிதித்துவிடும். அந்தக் குப்பையின் விலையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. இன்னொரு பண்ணையில் நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்குப் போட்டிருந்த குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டியிருந்தார்கள். வெளிச்சம் பளிச்சென்று இருந்தது, சூடு இல்லை. மார்கழிக் குளிரில் ஐம்பது குஞ்சுகளும் ஒரு மூலையில் குவிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி, காலையில் அடியில் கிடந்தவை முப்பது. எல்இடியை முட்டையிடும் கோழிகளின் கொட்டகையில் மாட்டுங்கள், அங்கே வெளிச்சம்தான் தேவை. குஞ்சுகளுக்குச் சூடு வேண்டும். அங்கே சிக்கனம் செய்ய விரும்பினால் வட்டத் தடுப்பைச் சிறிதாக்கி, சாக்கால் மேலே மூடி, உமியைக் கனமாகப் பரப்புங்கள். குஞ்சுகள் பல்பை விட்டு விலகிப் பரவி நிற்கும்போது ஒரு பல்பை அணையுங்கள்.

யாராவது சோறோ பொங்கலோ மொத்தமாக வைத்துவிட்டது தெரிந்தால், மாடு படுக்கும்வரை காத்திருக்காதீர்கள். மிச்சத்தை அகற்றி வைக்கோலை மட்டும் போட்டுவிட்டு உடனே உங்கள் மருத்துவரையோ 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணையோ அழையுங்கள், எத்தனை கிலோ, எத்தனை மணிக்குத் தின்றது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டு விழுமோ என்று பயந்து "தண்ணிதான் டாக்டர் குடிச்சது" என்பவர்களால் எனக்கு இரண்டு மணி நேரம் வீணாகிறது. நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு சோடா உப்புக் கரைசலையும் எண்ணெயையும் நீங்களாகவே மூங்கில் குழாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விட்டால், வயிற்றைச் சரிசெய்தும் மாட்டைக் காப்பாற்ற முடியாது.