ஒரு காய்க்கு 44 மாதம்

சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குப் போகும்போது நான் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான்: "போன வருஷம் உரம் போட்டேன் சார். காய் கூடவே இல்லை. அதான் விட்டுட்டேன்."

அவர்கள் சொல்வது உண்மைதான். ஒரே வருஷத்தில் காய் கூடியிருக்காது. தென்னையின் பூங்கொத்தான பாளை குருத்துக்குள் உருவாகத் தொடங்கி வெளியே வந்து வெடிக்கவே ஏறத்தாழ 32 மாதம் ஆகும். அப்புறம் குரும்பை, அதாவது பிஞ்சு, பிடித்து முற்ற இன்னும் 12 மாதம். இன்று வெட்டி இறக்கும் காய் கருவானது 44 மாதத்துக்கு முன்னால். நெல்லுக்கு யூரியா போட்டால் பத்து நாளில் பயிர் கருகருவென்று நிற்கும். அதே கண்ணோடு தென்னையைப் பார்ப்பதால்தான் பலர் இரண்டாம் வருஷமே கைவிடுகிறார்கள். மூன்று, நான்கு வருஷம் விடாமல் போட்டவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

கையில் காசு குறைந்தால் முதலில் விடுபடுவது பொட்டாஷ். அதை விடாதீர்கள். காய்க்கும் மரத்துக்கு வருஷத்துக்கு 50 கிலோ தொழுவுரம், யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. ஆனி, ஆடியில் பாதி, மார்கழி, தையில் பாதி. தூரில் கொட்டாமல், மரத்தைச் சுற்றி, தூரிலிருந்து ஆறடி தூரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்துப் பரவலாகப் போட வேண்டும்.

வருஷக் குத்தகைக்கு விட்ட தோப்புகளில் இது நடப்பதே இல்லை. நாலாம் வருஷம் யாரோ வெட்டப்போகும் காய்க்குக் குத்தகைக்காரர் ஏன் உரம் போடுவார்? அவரைக் குறை சொல்லவும் முடியாது.

60 சென்ட் தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இதையெல்லாம் அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கப்புறம் இதை யாரு சார் பார்க்கப் போறா?" என்றார். மகனுக்குத் திருப்பூரில் வேலை. எனக்குப் பதில் வரவில்லை. உர அளவு தெரியாததா அவருக்குப் பிரச்சினை? அந்தக் காயை வெட்ட வீட்டில் ஆள் இருக்குமா என்பதுதான்.

சரி, செலவில்லாத ஒன்றைச் செய்யுங்கள் அய்யா என்று மரங்களுக்கு நம்பர் எழுதச் சொன்னேன். ஒவ்வொரு வெட்டிலும் எந்த மரத்தில் எத்தனை காய் என்று அவர் வீட்டம்மா நோட்டில் குறித்தார். வேறு எதைச் சொல்லியும் அசையாதவர், ஆறேழு மரங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா நிற்பதை அந்த நோட்டில் பார்த்ததும் ஆடியில் பாத்தி எடுத்துவிட்டார். அந்தம்மா நோட்டைப் படம் பிடித்து மகனுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்.

பொங்கலுக்கு வந்த மகன், பையை இறக்கி வைத்ததும், "பதினேழாம் நம்பர் மரம் எதும்மா?" என்று கேட்டானாம்.